பொட்டு வைத்த விமானம்

இறங்குவதற்காகத் திரும்பும் சிறு விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்திருக்காதீர்கள். மேசையில் வையுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். வானொலி அறையில் இருப்பவனுக்கு இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வேண்டிவருவது அந்த அரை நிமிடத்தில்தான்.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. கப்பலில் பெயிண்ட் சுரண்டினேன். ஹம்பர்க்கில் கோப்பை கழுவினேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் ஓர் அறையில் ஐந்து பேரோடு இருந்தேன். இரவு ஷிப்ட்காரன் வந்து படுக்கும்போது மெத்தை பகல் ஷிப்ட்காரனின் சூட்டோடு இருக்கும். எந்த வேலையிலும் ஒரு வருடம் நின்றதில்லை. கால் உளையத் தொடங்கிவிடும். அப்படி ஒரு விடுமுறை நாளில் பஸ்ஸின் கடைசி நிறுத்தம்வரை போய், அங்கிருந்து சும்மா நடந்தேன். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் நீளமான புல்வெளி. என் தலைக்கு மேலால் ஒரு குட்டி விமானம் வந்து, பூனை குதிப்பதுபோல அந்தப் புல்லில் இறங்கியது. நான் வேலியைச் சுற்றிப்போய் வேலை கேட்டேன். புல் வெட்ட ஆள் வேண்டும் என்றார்கள்.

புல் வெட்டினேன். எரிபொருள் நிரப்பினேன். தீயணைப்பு வண்டி ஓட்டினேன். பிறகு பரீட்சை எழுதி வானொலியில் பேச அனுமதி எடுத்தேன். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன். காரணம் கேட்டால், ஒவ்வொரு நாளும் ஒருவர் வானத்திலிருந்து திரும்பி வருவதைப் பார்ப்பது எனக்குச் சலிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் விமானத் திடலில் பாதி விமானங்கள் வீட்டில் செய்தவை. மரம், துணி, பசை, கார் எஞ்சின். கராஜிலும் பின்வளவுக் கொட்டிலிலும் வைத்து, வேலை முடிந்து வந்த மாலைகளில் ஆறேழு வருடம் பாடுபட்டுச் செய்வார்கள். அதிகாரிகள் வந்து ஆணி ஆணியாகப் பார்த்த பிறகுதான் பறக்க விடுவார்கள். அதனால் அவை இலேசில் உடைந்து விழுவதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விமானம் செய்கிற வருடங்களில் அந்த மனிதருக்குப் பறக்க நேரமில்லை. கை பசைக்குப் பழகிவிடும், பறப்பை மறந்துவிடும். அந்தக் கையோடு அவர் இறங்க வருவார்.

முதலில் ஒரு நீல விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்தவர் ஒரு ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், தங்கமான மனிதர். ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில் காற்று அவரைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டது. இன்னொரு சுற்றுப் போயிருக்கலாம். அவரோ எப்படியாவது கோட்டுக்கு வந்துவிட வேண்டுமென்று கால்மிதியை அழுத்தி வாலைத் திருப்பினார், மூக்கையும் தூக்கினார். வேகம் செத்தது. ஒரு பக்கச் சிறகு பறப்பதை நிறுத்தியது. மீள்வதற்கு உயரம் இல்லை. தீயணைப்பு வண்டியோடு போன எனக்கு அங்கே அணைக்க எதுவும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது எங்கள் மனேஜர் ஒன்று சொன்னார். யோக்‌ஷயர் பக்கத்துப் பெண்மணி, அதிகம் பேசாதவர். “கடைசித் திருப்பத்தில் அந்த மனிதரோடு வானொலியில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேர் சொன்னதும் சரி. அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று.” அதன்பின் எங்கள் அறையில் ஒலிவாங்கி ஒருவர் கையில்தான் இருக்கும் என்று ஆகிவிட்டது.

இனி சிவநேசன் அண்ணையின் விமானத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம், நல்ல வெயில் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை.

சிவநேசன் அண்ணைக்கு வெம்பிளியில் மருந்துக்கடை. குளிசை எண்ணுகிற கைகளால், வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் ஒற்றை ஆசன விமானம் ஒன்றைச் செய்தார். மனைவி வதனி அக்கா சிறகுத் துணியைத் தைத்தார். ஓய்வுபெற்ற சோதனை விமானி ஒருவர் அதைச் சில வாரங்களாக ஓட்டிப் பார்த்து, நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு, செய்தவரே அதை முதன்முதலாக ஓட்டும் நாள்.

இரண்டு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். வடைச் சட்டி, பிளாஸ்க், பாய், பட்டுச்சேலை. புல்லில் பாயை விரித்து எங்கள் திடலைத் திருவிழாவாக்கிவிட்டார்கள். சிவநேசன் அண்ணை ஒழுங்காக விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு மூலையும் தொட்டுப் பார்த்தார். நான் கூடவே நின்றேன். ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் உடுப்பு மாற்றப் போனார். நான் வானொலி அறைக்குப் போனேன்.

நாங்கள் போன பிறகுதான் பூசை நடந்தது. புதுக் கார் எடுத்தால் என்ன செய்வோமோ அதேதான். அப்டன் பார்க்கில் கடை வைத்திருந்த ராசா அண்ணை தட்டோடு வந்திருந்தார். சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய், மூக்கில் மாலை, பிறகு சந்தனமும் குங்குமமும். புறப்படும்போது மாலையைக் கழற்றினார்கள். தேசிக்காய் இரண்டும் நசிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஓடுபாதையில் ஓடும்போது வேகமானி ஒழுங்காகக் காட்டியது என்று பிறகு அவர் சொன்னார். சக்கரம் புல்லை விட்டது. மரங்களின் உயரத்துக்கு வந்தது. அப்போது வானொலியில் அவருடைய குரல். விதிப்படி ஆங்கிலத்தில் பேசவேண்டிய மனிதர், தமிழில் கத்தினார்.

“தம்பி, ஊசி விழுது! அம்பது... நாப்பது... எஞ்சின் முழுக்கத் திறந்து கிடக்கு. மூக்கைக் கீழை குத்தட்டே?”

எங்கள் அறை கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம், வானில் வேறு யார் என்று தகவல் சொல்லலாம்; விமானிக்குக் கட்டளை போட நமக்கு உரிமை இல்லை. ஆனால் வேகம் பிடிக்கவென்று அவர் மூக்கைக் கீழே குத்தினால் எதிரே மரவரிசை. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். விமானம் அழகாக ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் சுத்தம். சிறகில் நடுக்கம் இல்லை. கருவி ஒன்று சொல்கிறது, என் கண் வேறொன்று சொல்கிறது. கண்ணை நம்பினேன்.

“குத்தாதேங்கோ அண்ணை! வடிவா ஏறிறியள். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். மூக்கு இப்ப இருக்கிற இடத்திலேயே நிக்கட்டும்.”

“ஊசி பூச்சியத்துக்கு வந்திட்டுது!”

“வரட்டும். நீங்கள் பறக்கிறியள்.”

வானில் அப்போது இன்னொரு ஆங்கிலேய விமானி இருந்தார். “வானொலி, அந்தச் செய்தி எனக்கா?” என்று மரியாதையாகக் கேட்டார். மனேஜர் தனது சிறிய கைவானொலியில் அவரைத் தூரப் போய்ச் சுற்றச் சொல்லிவிட்டு, சோதனை விமானியின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

நான் கேட்டேன்: “உயரமானி என்ன சொல்லுது?”

“பூச்சியம். தரையிலை நிக்கிற மாதிரியே நிக்குது.”

ஒரு கருவி பொய் சொன்னால் கருவி கெட்டிருக்கலாம். இரண்டும் ஒன்றாகப் பொய் சொன்னால், இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேட வேண்டும். விமானத்தின் இரண்டு விலாவிலும் சின்ன வட்டத் தகட்டின் நடுவே குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். வெளிக் காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். வேகமானியும் உயரமானியும் அதை வைத்தே கணக்குப் பார்க்கின்றன. துளை அடைபட்டால் இரண்டும் தரைக் காற்றைத் தங்களுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு மேலே போகும். ஆனால் அரை மணிக்கு முன்தான் அந்தத் துளைகளை நானே பார்த்தேன்.

யன்னலுக்கு வெளியே ராசா அண்ணை தட்டோடு நின்றார். விரலெல்லாம் சிவப்பும் மஞ்சளும்.

“ராசா அண்ணை! எங்கெங்கை பொட்டு வைச்சனீங்கள்?”

“ஒரு இடமும் விடேல்லை தம்பி! சில்லு, மூக்கு, சிறகு... ரெண்டு பக்கமும் வட்டமாச் சின்னக் கண் மாதிரி இருந்துது, அதுக்கும் வடிவா அப்பினனான்.”

வெயிலில் சந்தனம் காய்ந்து சீமெந்தாகியிருக்கும்.

காரணத்தைச் சிவநேசன் அண்ணையிடம் சொன்னேன். நல்ல செய்திதானே என்று நினைத்தேன். விமானத்தில் ஒரு குறையும் இல்லை. காட்டும் ஊசிதான் கெட்டது. ஆனால் நான் பேசிக்கொண்டிருந்தது விமானியோடு மட்டும் அல்ல, விமானத்தைச் செய்தவரோடும் என்பதை அடுத்த வார்த்தையில் காட்டிவிட்டார்.

“அவ்வளவுதானே! கருவிப் பலகைக்குப் பின்னாலை ரப்பர் குழாய் இருக்கு. நான் தானே பூட்டினனான். கையை விட்டு இழுத்துவிட்டா உள்காத்தைக் குடிச்சு வேலை செய்யும்.”

அவர் சொன்னது சரி. குழாயைக் கழற்றினால் ஊசிகள் கிட்டத்தட்ட ஒழுங்காகக் காட்டும். அதனால்தான் அது ஆபத்து. தான் செய்த பொருளில் ஒரு பிழை என்றால் செய்தவரின் கை சும்மா இருக்காது. ஆனால் அவர் இருந்தது கராஜில் அல்ல. குனிந்து பலகைக்குக் கீழே கையை விட்டால் கண் வெளியே இருக்காது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விமானத்தின் இடது சிறகு சரிந்தது. மூக்கு மெல்ல இறங்கியது.

“அண்ணை, கையை எடுங்கோ. வெளியிலை பாருங்கோ.”

“பொறும் தம்பி, விரல் முட்டுது...”

“அண்ணை, விடுங்கோ!”

“முட்டுது எண்டுறன்!”

பாயில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ கந்தா, முருகா என்றார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு வதனி அக்கா உள்ளே வந்து, ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினார்.

“உதைத் தாங்கோ தம்பி.”

“அக்கா, ஒருத்தர்தான் கதைக்கலாம். அது விதி.”

“ஆறு வருசமா அந்தாளோடை கராஜிலை கிடந்தனான். கையிலை சாமான் இருந்தா அவர் ஆரின்ரை சொல்லையும் கேளார். என்ரை சொல் ஒண்டைத் தவிர.”

மனேஜருக்குத் தமிழ் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒலிவாங்கி ஒருவர் கையில்தான் என்ற விதியை அந்த அறைக்குக் கொண்டுவந்தவர் அவர். எனக்கு அந்த விதி அல்ல, அதற்கான காரணம் நினைவுக்கு வந்தது. மேலே இருப்பவருக்கு ஒரே ஒரு விஷயம் போய்ச் சேரவேண்டும். என் குரலில் போய்ச் சேராதது அக்காவின் குரலில் சேருமென்றால், அந்தக் கணத்துக்கு உரிய ஒருவர் அவர்தான். கொடுத்தேன்.

“இஞ்சை பாருங்கோப்பா. கையை எடுங்கோ. எடுத்து மடியிலை வையுங்கோ. இப்ப.”

வானொலி கரகரத்தது. “ஓம். எடுத்திட்டன்.”

சிறகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வை நான் இன்றைக்கும் கண்ணை மூடிப் பார்க்கலாம். அக்கா ஒலிவாங்கியை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, தீயணைப்பு வண்டியைப் பார்க்காதபடி யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

இனி இறக்க வேண்டும். சோதனை விமானி அந்த விமானத்தை இறக்கியபோதெல்லாம் அறையில் இருந்தவன் நான். எஞ்சின் ஆயிரத்து எண்ணூறு சுற்று, மூக்கு அடிவானத்துக்குக் கீழே நாலு விரல் என்று அவர் ஒவ்வொரு முறையும் வானொலியில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வருவார். அந்த இரண்டையும் பிடித்தால் வேகம் தானாக வந்து நிற்கும். அதை மட்டும் சிவநேசன் அண்ணைக்குச் சொன்னேன். திருப்பத்தை அகலமாக எடுக்கச் சொன்னேன். கோட்டைத் தாண்டினால் இழுக்காமல் இன்னொரு சுற்று வரச் சொன்னேன். “பாதை எங்கையும் ஓடிப்போகாது அண்ணை.”

அகலமாக, பொறுமையாகத் திரும்பினார். கோட்டுக்கு நேரே வந்தார். மூக்கு நாலு விரல். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. நான் மூச்சு விட்டேன். மர உயரத்துக்கு இறங்கினார்.

“ஏறுது தம்பி! ஊசி உயிர்த்திட்டுது! நாப்பது... அம்பது...”

எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது. மூக்கு உயர்ந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஊசி உயிர்க்கவில்லை. உள்ளே பூட்டிக் கிடந்தது தரைக் காற்று. விமானம் தரையை நெருங்க நெருங்க அந்தப் பொய் உண்மைக்குக் கிட்டே வருகிறது, ஊசி தானாக ஏறுகிறது. வேகம் கூடவே இல்லை. கூடுகிறது என்று நம்பி எஞ்சினைக் குறைத்து மூக்கைத் தூக்கினால், இருக்கிற வேகமும் போய்விடும். இவ்வளவையும் அப்போது அவருக்கு விளக்கிக்கொண்டு நின்றிருந்தால் அவர் பாதிக் கதையில் விழுந்திருப்பார்.

“திறவுங்கோ! முழுக்கத் திறவுங்கோ! மூக்கைக் கீழை விடுங்கோ!”

எஞ்சின் அலறியது. சக்கரம் வேலியோரப் பற்றைகளைத் தொடுகிறமாதிரிப் போனது. பிறகு வேகம் பிடித்து, பாய்களின் மேலால், சேலைத் தலைப்புகள் பறக்க, வடைச் சட்டி கவிழ, மேலே ஏறியது. ராசா அண்ணை தட்டோடு குப்புறப் படுத்திருந்தார்.

“அது பொய் ஊசி அண்ணை. மறையுங்கோ அதை.”

“மறைக்க ஒண்டும் இல்லையே. பாக்காம இருக்கவும் ஏலாது. கண் தானாப் போகுது.”

“சட்டைப் பையிலை என்ன இருக்கு?”

“திருநீத்துக் கடுதாசிச் சரை. வதனி தந்தது.”

“திருநீறைக் கொட்டிப்போட்டுக் கடுதாசியை நக்கி ஒட்டுங்கோ!”

பிறகு ஒரு தும்மல். “ஒட்டிட்டன். வாயெல்லாம் திருநீறு.”

அறையில் அக்கா முதல் தடவையாகச் சிரித்தார்; அழுகையும் அதோடு வந்தது.

இரண்டாம் முறை அவர் வந்தபோது நான் பேசவே இல்லை. பேச நா துடித்தது. பக்கக் காற்று கொஞ்சம் தள்ளியது. அவர் பதறாமல் சரிசெய்தார். மூக்கு நாலு விரல். மரங்கள் வந்தன, போயின. வேலி வந்தது, போனது. சக்கரம் புல்லைத் தொட்டது, ஒரு முறை துள்ளியது, மறுபடி தொட்டது, ஓடியது. ஓடுபாதையின் முடிவுக்கு நிறைய முன்னாலேயே நின்றது. மனேஜர் மேசையில் இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்தார். அந்தப் பெண்மணி அப்படிச் செய்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

எல்லோரும் ஓடினோம். ராசா அண்ணை எல்லோருக்கும் முன்னால் ஓடி, விமானத்துக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டார். கிட்டப் போகப் பயம். சிவநேசன் அண்ணை இறங்கினார். மீசையெல்லாம் வெள்ளை. விலாப் பக்கம் வந்து, தகட்டில் இருந்த பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“நல்ல சந்தனம் ராசா. கலப்படம் இல்லை.”

“மன்னிச்சுக்கொள்ளு மச்சான்... கண் எண்டுதான்...”

“விடடாப்பா. நான் உடுப்பு மாத்தப் போகாம பூசைக்குப் பிறகு சுத்திப் பாத்திருக்க வேணும்.”

அதுதான் விஷயம். பூசை செய்யட்டும், முத்தம் கொடுக்கட்டும், படம் எடுக்கட்டும். எல்லாக் கையும் எடுபட்ட பிறகு கடைசியாகத் தொடுகிற கை ஓட்டுபவரின் கையாக இருக்க வேண்டும். அவர் பார்த்து முடித்தபின் யாராவது ஒரு விரல் வைத்தாலும், முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சிவநேசன் அண்ணை என்னிடம் திரும்பி, “தம்பி, எண்ணெய் கிடக்கு. நான் இன்னொருக்காப் போறன்” என்றார்.

“விசரே?” என்றது கூட்டம். ராசா அண்ணை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் வதனி அக்காவைப் பார்த்தேன். அவர் சொன்னார்: “இப்ப போகாட்டி இனிப் போகமாட்டார். கராஜிலை வைச்சுத் துடைச்சுக்கொண்டே இருப்பார். எனக்கு அந்தாளைத் தெரியும்.”

தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் அன்று அந்த எல்லையை நான் ஏற்கெனவே தாண்டியிருந்தேன். அவருடைய விரல்களைப் பார்த்தேன். நடுங்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

“திரும்பவும் ஊசி விழுந்தா என்ன செய்வியள்?”

“ஒண்டும் திருத்தமாட்டன். ஓட்டுவன்.”

அது போதும் எனக்கு. மனேஜரும் தலையசைத்தார். ஒரு வாளி வெந்நீர் வந்தது. இரண்டு துளைகளையும் சிவநேசன் அண்ணையே துடைத்து, ஊசியால் குத்தி, ஊதிப் பார்த்தார். பிறகு முழு விமானத்தையும் சுற்றி வந்தார். நாங்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு அடி தள்ளி, ஊர்வலம்போல அவருக்குப் பின்னால் போனோம். ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

நான் வானொலி அறைக்கு ஓடினேன். எஞ்சின் பிடித்தது. புல்லில் ஓடியது, எழுந்தது, மர உயரம் வந்தது.

“அறுவது,” என்றது குரல். “அறுவத்தைஞ்சு. உயரம் இருநூறு... முன்னூறு... தம்பி, எல்லாம் ஏறுது!”

அதற்குப் பிறகு அவர் எங்களைக் கேட்காமலே கிழக்கே திரும்பி, தேம்ஸ் பக்கமாக, நாங்கள் கண்ணால் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போய்விட்டார்.